ஜலஜாக்கா இறங்கிய இடம்

ஆகஸ்ட் 30

இன்று முதல் எனக்குப் பயிற்சி. பயிற்சி கொடுப்பவர் மஸ்கட்டில் இருக்கிறார், நான் பெங்களூரில் இருக்கிறேன், கார் கீழே வேப்பமரத்தடியில் இருக்கிறது.

என் வீட்டுக்காரர் தணிகாசலம் துறைமுகத்தில் பாதுகாப்பு அதிகாரி. ஹெல்மெட் போடாமல் எவனாவது ஏணியில் ஏறினால் இறக்கிவிடுவது அவர் வேலை. இன்று வீடியோ காலில் ஒன்றரை மணி நேரம் என்னை ஏற்றி இறக்கினார். ஆற்றுத் தண்ணீர் வழக்கில் தீர்ப்பு வரப்போகிறது, வந்தால் இங்கே ரகளை ஆகும் என்கிறார். பதினெட்டு வயதில் இதே ஊரில் ஒரு கலவரத்தைப் பார்த்தவர். மாமாவின் லாரி எரிந்ததைச் சொல்லும்போது இன்னும் குரல் மாறும். அதனால் நான் கிண்டல் செய்யவில்லை. கொஞ்சம்தான் செய்தேன்.

எழுதி வை என்றார், எழுதுகிறேன். டேங்க் பாதிக்குக் கீழே போகக் கூடாது. காரை மூக்கு தெருவைப் பார்க்கும்படி நிறுத்த வேண்டும். சிக்னலில் முன்வண்டியின் பின்சக்கரம் தரையில் படுவது தெரிகிற அளவுக்குத் தள்ளி நிற்க வேண்டும், அப்போதுதான் ஒடித்துத் திருப்ப இடம் இருக்கும். கண்ணாடி ஏற்றியிருக்க வேண்டும், கதவு பூட்டியிருக்க வேண்டும். கூட்டத்தைக் கண்டால் வேகத்தைக் குறைக்கலாம், முடிந்தவரை நிற்கக் கூடாது. நின்றாலும் இஞ்சினை அணைக்கக் கூடாது. கடைசியாகச் சொன்னதை மூன்று தடவை சொன்னார்.

"இடைவெளி கெடச்சா போயிடு அரசி. யோசிக்காத. யோசிக்கிறவங்கதான் மாட்டிக்கிறாங்க."

சரி என்றேன். அதற்குள் குக்கர் ஆறு விசில் அடித்துப் பருப்பு கூழாகிவிட்டது.

இத்தனைக்கும் காரணம் எங்கள் நம்பர் பிளேட். ஒன்பது வருஷமாக இங்கே குடியிருக்கிறோம், வண்டி மட்டும் இன்னும் தர்மபுரிக்காரி. கர்நாடகப் பதிவுக்கு மாற்றிவிடலாம் என்று நான் சொன்னால், "அடுத்த வருஷம் ஊருக்கே போயிடப் போறோம், எதுக்கு?" என்பார். அந்த அடுத்த வருஷம் ஒன்பது தடவை வந்து போய்விட்டது.

செப்டம்பர் 4

கௌரி பண்டிகை. பக்கத்து வீட்டு ஜலஜாக்ஷி, எனக்கு ஜலஜாக்கா, காலையிலேயே பாகினம் கொண்டுவந்தாள். இரண்டு முறங்களை ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்து, உள்ளே அரிசி, பருப்பு, வெல்லம், வளையல், ரவிக்கைத்துணி. கல்யாணமான பெண்கள் அம்மாவுக்கும் அக்கா தங்கைக்கும் கொடுப்பது. அவளுக்குக் கூடப்பிறந்தவள் கிடையாது, எனக்கும் கிடையாது. முதல் வருஷம் அவள் நீட்டியபோது நான் கல்யாண வீட்டுப் பை மாதிரி ஒரு கையால் வாங்கப் போனேன். கையைத் தட்டிவிட்டு, முந்தானையால் மூடி இரண்டு கையாலும் பிடிக்கக் கற்றுக்கொடுத்தாள். அன்று அழுதது இன்னும் நினைவிருக்கிறது. இந்த ஊரில் எனக்கு வேறு யாரும் இல்லை.

ஜலஜாக்கா அங்கன்வாடி டீச்சர். இந்தத் தெருவில் அவளிடம் திட்டு வாங்காமல் வளர்ந்த பிள்ளை இல்லை. என் மகள் நறுமுகை நாலு வயதில் இங்கே வந்து கன்னடம் கற்றது அவள் மடியில்தான். முகைக்கு அவள் "தொட்டம்மா", அதாவது பெரியம்மா. இப்போது முகைக்குப் பதின்மூன்று வயது. என்னைவிட அவளிடம்தான் அதிகம் பேசுகிறாள். என் கன்னடமோ காய்கறி வாங்குவதற்குப் போதும், சண்டை போடுவதற்குப் போதாது.

அவள் வீட்டுக்காரர் புட்டசாமி மண்டியா பக்கத்துக்காரர். அங்கே அண்ணன் வயலில் கரும்பு காய்கிறதாம். இங்கேயே இல்லாத தண்ணியை எங்கிருந்து விடுவார்கள் என்று என்னிடம் கேட்டார். ஏதோ நானே போய் மதகைத் திறந்தவள் மாதிரி தலைகுனிந்து நின்றேன். ஜலஜாக்கா அவரை அதட்டினாள். அப்புறம் பாயசம் இன்னொரு டம்ளர் வேண்டுமா என்று கேட்டவரும் அவர்தான்.

செப்டம்பர் 7

டேங்க் நிரப்பியாயிற்று. டியூஷன் பிள்ளைகள் போன பிறகு காலி மனையில் ஒத்திகை. மஸ்கட்டிலிருந்து போனில் பார்த்துக்கொண்டே உத்தரவு போடுகிறார். ரிவர்ஸில் முப்பது அடி வேகமாகப் போய் ஒடித்துத் திரும்ப வேண்டும். முதலில் கல்லில் இடித்தேன். ஏழாவது தடவை சரியாக வந்தது. முகை பின்சீட்டில் விழுந்து விழுந்து சிரித்தாள்.

எனக்கு இது பிடித்திருக்கிறது, எழுதுவதற்கென்ன வெட்கம். கணக்கு டீச்சருக்குச் சூத்திரம் கிடைத்தால் போதும்.

செப்டம்பர் 9

பந்த். கடை இல்லை. புளிக்குழம்பு, அப்பளம்.

செப்டம்பர் 12

ஓசூரில் கொழுந்தனார் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டோம். முகைக்கு ஒன்றும் இல்லை. எனக்கும் ஒன்றும் இல்லை. காருக்கும்.

செப்டம்பர் 13

காலையில் துணி துவைத்தேன். ஓரகத்தி வேண்டாம் வேண்டாம் என்றாள், இரண்டு வாளி துவைத்தேன். மத்தியானம் கீரை ஆய்ந்து கொடுத்தேன்.

மஸ்கட்டிலிருந்து இவர் நடந்ததை வரிசையாக எழுதச் சொன்னார், அவர் ஆபீஸில் இப்படித்தான் எழுதுவார்களாம். மத்தியானம் மூன்று மணிக்குக் கிளம்பினோம். மெயின் ரோட்டை விட்டு, சந்தாபுராவில் திரும்பி ஆனேக்கல் வழி. இவர் சொன்ன வழிதான். ஜலஜாக்காவும் முன்சீட்டில் வந்தாள், ஆனேக்கல்லில் நாத்தனார் வீட்டில் இறங்கிக்கொள்வதாக. ஒரு இடத்தில் பையன்கள் டயரைக் கொளுத்திவிட்டு ரோட்டை மறித்திருந்தார்கள். ஜலஜாக்கா இறங்கிப் பேசினாள். வழி கிடைத்தது. வந்துவிட்டோம்.

ஜலஜாக்கா போனுக்கு அடித்துக்கொண்டே இருக்கிறேன். மணி போகிறது, எடுக்கவில்லை. புட்டசாமி அண்ணனுக்கு அடிக்கலாம். நாளைக்கு அடிக்கிறேன்.

முகை இரண்டு வேளையாகச் சாப்பிடவில்லை. பயணக் களைப்பு.

செப்டம்பர் 14

காரைக் கழுவப் போனேன். வாளியைக் கீழே வைக்கும்போது உள்ளே போன் அடித்தது. என் போன் இடுப்பில் இருந்தது. முன்சீட்டுக்கு அடியில், மிதியடிக்குக் கீழே, ஜலஜாக்காவின் போன். திரையில் புட்டசாமி அண்ணன் படம், திருப்பதியில் மொட்டை போட்டுக்கொண்டு எடுத்தது.

நான் எடுக்கவில்லை. கை ஈரமாக இருந்தது.

அது அடித்து ஓய்ந்தது. தவறிய அழைப்புகள் ஐம்பத்து மூன்று என்று காட்டியது. அதில் பாதி என்னுடையவை. இரண்டு நாளாக நான் அவளைக் கூப்பிட்டதெல்லாம் இந்த வாசலிலேயே அடித்திருக்கிறது.

மறுபடி அடித்தபோது முகை வந்து என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனாள். வெகுநேரம் பேசினாள். கீழே வந்து என்னைப் பார்க்காமல் சொன்னாள். தொட்டம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், இடுப்பெலும்பு உடைந்திருக்கிறது, நாளைக்கு ஆபரேஷன். பெயர் தெரியாத யாரோ சேர்த்திருக்கிறார்கள். புட்டசாமி அண்ணன் கண்டுபிடிக்க ஒரு நாள் ஆகியிருக்கிறது, அவளிடம் போன் இல்லாததால். தொலைந்த போன் யார் கையிலாவது இருக்குமா என்றுதான் இன்னும் அடித்துக்கொண்டிருந்தாராம்.

காரைக் கழுவி முடித்தேன்.

செப்டம்பர் 15

இவர் கூப்பிட்டார். ஜலஜாக்காவுக்கு அடிபட்டது கேட்டு வருத்தப்பட்டார், மனசாரத்தான். அப்புறம், "நீ பதறாம ஓட்டினியே, அதான் முகை இன்னிக்கு நல்லா இருக்கா" என்றார். ஓரகத்தி என் தைரியத்தைப் பற்றிப் பால்காரரிடம்கூடச் சொல்லியிருக்கிறாள்.

ஆபரேஷன் முடிந்தது. முகைதான் கேட்டுச் சொன்னாள்.

செப்டம்பர் 17

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டில்கூட எழுதாவிட்டால் வேறு எங்கே?

அன்று மத்தியானம் டிவியில் வண்டிகள் எரிவதைக் காட்டினார்கள். ஓனர் மேலே வந்து, காரைப் பார்த்தால் வீட்டின்மேல் கல் விழும், வெளியே எடுத்துவிடுங்கள் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. சத்தம் கேட்டுப் புட்டசாமி அண்ணன் வந்தார். காரைப் பின்பக்கச் சந்துக்குள் தள்ளித் தார்ப்பாய் போட்டு மூடிவிடலாம், எரிந்தால் எரிந்து போகட்டும், நீங்கள் இரண்டு பேரும் எங்கள் வீட்டில் இருங்கள் என்றார். "எவன் என் வாசலுக்கு வர்றான்னு நான் பாக்கறேன்" என்றார். கரும்பு காய்கிற கோபம் அவருக்கு இருந்தது. ஆனாலும் சொன்னார்.

அவ்வளவுதான். அவர்கள் வாசலுக்கும் எங்கள் வாசலுக்கும் நடுவே பத்தடி. இதை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அவ்வளவு சுலபமாக இருந்தது.

நான் மாட்டேன் என்றேன். கார் இருந்தால்தான் தப்பிக்க முடியும் என்றேன். டேங்க் நிறைந்திருக்கிறது, வழி தெரியும், எல்லாம் பழகியிருக்கிறேன் என்றேன். இப்போது யோசித்தால், பரீட்சைக்கு இரண்டு வாரம் படித்துவிட்டு எழுதாமல் இருக்க எனக்கு மனசு வரவில்லை. வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

ஜலஜாக்கா உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு வந்து முன்சீட்டில் உட்கார்ந்தாள். "உன் கன்னடத்தைக் கேட்டா அங்கயே பிடிச்சுக்குவான். நீ வாய் தெறக்க வேண்டாம். நான் பேசறேன்" என்றாள். புட்டசாமி அண்ணன் தடுத்தார். அவள் கேட்கவில்லை. எனக்காக வந்தாள்.

சந்தாபுரா தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருபது முப்பது பையன்கள். ரோட்டுக்குக் குறுக்கே இரண்டு தார் டிரம், நடுவில் டயர் எரிந்தது. பின்னால் திரும்பலாம் என்று பார்த்தேன், அங்கேயும் ஒரு லாரி வந்து நின்றுவிட்டது. ஏழு தடவை பழகிய ரிவர்ஸ் எதற்கும் உதவவில்லை. ஒருவன் பிளேட்டைப் பார்த்துவிட்டுக் கத்தினான். ஜலஜாக்கா போனை மடியில் வைத்திருந்தாள், இறங்கும்போது அது விழுந்திருக்க வேண்டும். நான் உடனே கதவைப் பூட்டினேன். அதுதானே பாடம்.

அவள் காரின் முன்னால் போய் நின்று பேசினாள். என் தங்கை, என் தங்கை மகள், உள்ளே பெண்பிள்ளை இருக்கிறாள் என்று சொன்னது கண்ணாடி வழியாகக் கேட்டது. அங்கன்வாடியில் பிள்ளைகளை அதட்டுகிற அதே குரல். ஒருவனிடம் உங்கள் அம்மா பெயர் என்ன என்று கேட்டாள். அவன் முழித்தான். இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அவர்களில் பெரியவன் ஒருத்தன் டிரம்மைக் காலால் உருட்டித் தள்ளினான். கார் போகிற அளவுக்கு வழி கிடைத்தது.

ஜலஜாக்கா திரும்பி வந்தாள். கதவின் கைப்பிடியை இழுத்தாள். பூட்டியிருந்தது. கண்ணாடியில் தட்டினாள், இரண்டு தடவை. அவசரமாகக்கூடத் தட்டவில்லை. மறந்துவிட்டாயா என்று கேட்கிற மாதிரி தட்டினாள்.

நான் அவளைப் பார்த்தேன். இடைவெளியையும் பார்த்தேன். பின்னாலிருந்து இன்னொரு கூட்டம் ஓடி வந்துகொண்டிருந்தது. அவர்கள் வந்தால் டிரம் மறுபடி உருண்டுவிடும் என்று தோன்றியது. போய்விட்டேன்.

"அம்மா, தொட்டம்மா ஏறல. அம்மா. தொட்டம்மா ஏறல."

முகை இதையே சொல்லிக்கொண்டு வந்தாள். ஆனேக்கல் வரும்வரை சொன்னாள். அப்புறம் நிறுத்திவிட்டாள்.

தங்கை என்று சொல்லி ஏமாற்றிவிட்டாள் என்று அந்தப் பையன்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்களாம். கொஞ்ச நேரத்தில் போலீஸ் தடியோடு வர, எல்லோரும் ஓடியதில் அவள் கீழே விழுந்திருக்கிறாள். அவள் மேலே ஏறி ஓடியிருக்கிறார்கள். பூட்டைத் திறக்க ஒரு பொத்தான். அரை வினாடி. கணக்கு டீச்சர் சொல்கிறேன், அரை வினாடி.

செப்டம்பர் 21

காரை ஓசூரிலேயே விட்டுவிட்டு, பஸ்ஸில் எல்லை வரைக்கும் வந்து, நடந்து தாண்டி, அந்தப் பக்கம் வேறு பஸ் பிடித்தோம். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் புட்டசாமி அண்ணனிடம் சொல்ல வேண்டியதைக் கன்னடத்தில் மனசுக்குள் கோத்துக்கொண்டு வந்தேன். தப்பில்லாமல் சொல்ல வேண்டும் என்று முகையிடம் இரண்டு வார்த்தை கேட்டேன். எதற்கென்று அவள் கேட்கவில்லை, சொல்லிக் கொடுத்தாள்.

வார்டில் ஆறு கட்டில். ஜலஜாக்கா ஜன்னலோரம். நெற்றியில் தையல், முகம் பாதியாகியிருந்தது. புட்டசாமி அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், தாடி வளர்ந்திருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் ஜலஜாக்கா பேசினாள்.

"பாருங்க, வந்துட்டா. நான் போன்னு சொன்னதும் நல்லவேளை கேட்டா. நின்னிருந்தா மூணு பேரும் போயிருப்போம்."

போலீஸில் எழுதிக் கொடுத்ததும் அப்படித்தானாம். அவளே கையைக் காட்டிப் போகச் சொன்னதாக.

புட்டசாமி அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. முகையைக் கூப்பிட்டார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தாழ்ந்த குரலில், "நீ சொல்லு மகளே. தொட்டம்மாதான் போகச் சொன்னாளா?" என்று கேட்டார்.

முகை பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. பரீட்சைத்தாளில் டீச்சர் தவறிக் கூடுதல் மார்க் போட்டுவிட்டால் திருப்பிக் கொண்டுபோய்க் காட்டுகிறவள். ஜலஜாக்காவைப் பார்த்தாள். ஜலஜாக்கா கண்ணை மூடித் திறந்தாள்.

"ஆமா தொட்டப்பா" என்றாள் முகை. "கைய காட்டினாங்க. நான் பாத்தேன்."

அவர் அழுதார். பெருமையாகவும் இருந்திருக்கும், அவருக்கு இது வேண்டியிருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று முகையையும் கூட்டிக்கொண்டு போனார்.

கோத்து வைத்திருந்த கன்னடம் எல்லாம் மறந்துபோயிற்று. ஜலஜாக்கா காலடியில் உட்கார்ந்து தமிழில் ஏதோ ஆரம்பித்தேன். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். கோபமே இல்லாமல் பேசினாள், அதுதான் தாங்கவில்லை.

"உனக்காகச் சொல்லல அரசி. முகை உன்கூடத்தானே வளரணும்."

அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இடுப்பு அசைக்க முடியாது, முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள்.

செப்டம்பர் 22

இனி உண்மையை யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் முகை பொய் சொன்னவள் ஆகிவிடுவாள்.

அக்டோபர் 2

விடுமுறை. இவர் ஆபீஸ் நண்பர்கள் பதினைந்து பேர் ஒரு கூட்டம் போட்டிருக்கிறார்களாம், ஆபத்தில் நிதானம் என்பதைப் பற்றி. என்னைப் போனில் ஐந்து நிமிஷம் பேசச் சொன்னார். மறுத்தால் ஏன் என்று கேட்பார். பேசினேன். எல்லோரும் கைதட்டினார்கள். மிகத் தெளிவாகப் பேசினேனாம்.

போனை வைத்ததும் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். முகை கதவுக்கு வெளியே நின்றிருந்தாள், காலடி நிழல் தெரிந்தது. தட்டவில்லை.

அக்டோபர் 9

ஜலஜாக்கா வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. வாக்கர் வைத்து நடக்கிறாள். முகை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நேரே அங்கேதான் போகிறாள். வராந்தாவில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு அவளை நடத்துகிறாள். எண்ணிக்கொண்டே நடப்பது எனக்குச் சமையலறையில் கேட்கும். நடுவில் ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். ஒரு நாள் நானும் போய் நின்றேன். ஜலஜாக்கா வா என்றாள், நாற்காலி போடச் சொன்னாள், சாப்பிட்டாயா என்று கேட்டாள். வீட்டுக்கு வந்தவர்களை எப்படிக் கேட்பார்களோ அப்படிக் கேட்டாள். அதற்குப் பிறகு நான் போகவில்லை. சமைத்து முகையிடம் கொடுத்தனுப்புகிறேன்.

இன்று முருங்கைக்கீரைக் கூட்டும் ரசமும் செய்து, பெரிய டப்பாவிலும் சின்னத் தூக்கிலும் அனுப்பினேன். சாயங்காலம் ஆறு மணிக்கு முகை பாத்திரத்தோடு வந்தாள். அந்த வீட்டிலிருந்து என் பாத்திரம் ஒருநாளும் வெறுமனே வந்ததில்லை. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு ஸ்பூன் சர்க்கரையாவது போட்டுத்தான் ஜலஜாக்கா அனுப்புவாள். அக்கா தங்கைக்குள் காலிப் பாத்திரம் கைமாறக் கூடாது என்பாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இந்தப் பத்து நாளாகக் கழுவித் துடைத்துப் பளபளவென்று வருகிறது. நான் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுவேன். முகை அதைக் கவனிக்கிறாள் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

இன்று நான் கூடத்தில் டியூஷன் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். அவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு நேரே சமையலறைக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து தூக்கை என்னிடம் நீட்டினாள். அடியில் ஒரு ஸ்பூன் சர்க்கரை இருந்தது.

"தொட்டம்மா குடுத்தாங்க" என்றாள்.

என் கண்ணை நேராகப் பார்த்துச் சொன்னாள். இப்போதெல்லாம் நன்றாகச் சொல்ல வருகிறது அவளுக்கு. உள்ளே மேடையில் எங்கள் சர்க்கரை டப்பா திறந்தபடி இருந்தது, பக்கத்தில் ஸ்பூன்.

சரிம்மா என்று சொல்லி, அவள் எதிரிலேயே அதை வாயில் போட்டுக்கொண்டேன்.